இரண்டு அங்குல ரிவால்வரும் ஏலக்காய் வாசனையும்

டெக்ஸஸில் துப்பாக்கி வைத்திருப்பவரைக் கண்டு நீங்கள் பயப்பட வேண்டாம். தோட்டா நிபுணரைக் கண்டால்தான் ஓடி ஒளிய வேண்டும். முன்னவர் வாயைத் திறக்காமல் சுடுவார். பின்னவர் சுடாமலே வாயைத் திறப்பார்.

எங்கள் ஊர் பேர்லேண்டில் இந்த இனத்தின் உத்தமப் பிரதிநிதி கஸ்தூரிரங்கன். கோயில் கேன்டீனில் பொங்கல் தட்டோடு நீங்கள் உட்கார்ந்தால் போதும். கிரீன் கார்டு வந்ததா, குழந்தைகள் சௌக்கியமா என்றெல்லாம் நேரத்தை வீணாக்காமல், இரண்டு அங்குலத் துப்பாக்கிக் குழலில் வெடிமருந்து முழுக்க எரிவதற்குள் குண்டு வெளியே போய்விடுகிறது, அதனால் வேகம் குறைகிறது, வேகம் குறைந்தால் முனையில் குழி வைத்த குண்டு விரிவது சந்தேகம், மேக்னம் என்கிற முரட்டுத் தோட்டாவோ பாதி மருந்தை வெளியில் நெருப்பாகக் கொட்டிவிடும் என்று, உங்கள் பொங்கல் கல்லாக இறுகும்வரை விளக்குவார். அத்தனையும் உண்மை. அதுதான் கொடுமையே!

நாற்பத்தொரு வகைத் தோட்டாக்களுக்கு எக்ஸெல் அட்டவணை வைத்திருக்கிறார். ரிவால்வர்? அது ஆறு வருடமாகப் பூட்டிய பெட்டியில் இருக்கிறது. ஆயுத பூஜையன்று வெளியே வந்து, சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டு திரும்பிவிடும். ஒரு முறைகூடச் சுட்டதில்லை. ஏன் என்று கேட்டால், "டேட்டா இன்னும் கம்ப்ளீட் ஆகலை சார்" என்பார்.

அவர் மனைவி ராஜலக்ஷ்மிக்கு ஒருநாள் பொறுமை போயிற்று.

"ஒரே ஒரு தடவை சுட்டுக் காட்டுங்கோ. ஒண்ணுகூடப் படலைன்னா பெட்டிச் சாவி என்கிட்ட. கேன்டீன்ல தோட்டாப் பேச்சும் அன்னியோட க்ளோஸ்."

சாவி போனால் போகிறது. பேச்சு போனால் மனிதர் எப்படி உயிர் வாழ்வார்? ஆனாலும் ஒப்புக்கொண்டார். நிபுணராயிற்றே!

தோட்டா எவ்வளவு ஆழம் பாய்கிறது என்று பார்க்க, உலகமே ஜெலட்டின் கட்டியைத்தான் சுடுகிறது. "அது மாட்டெலும்புன்னா? நம்மாத்துக்குள்ள வரப்படாது" என்று ராஜலக்ஷ்மி தீர்த்துச் சொல்லிவிட்டார். ஆகவே இருபது பாக்கெட் சைனா கிராஸ், அதாவது சைவக் கடல்பாசி, காய்ச்சப்பட்டது. கைப்பழக்கத்தில் ஏலக்காயும் தட்டிப் போட்டுவிட்டார். நிபுணர் அசரவில்லை, ஏலக்காய்க்காக அட்டவணையில் ஒரு பத்தி கூட்டினார்.

சனிக்கிழமை காலை, ஊருக்கு வெளியே, திறந்தவெளியில் சுட்டுப் பழகும் ரேஞ்ச். சாட்சிக்கு நான். ஏழு கஜத்தில் வெள்ளைக் கட்டி தளதளவென்று நின்றது. அவருடைய ரிவால்வர் மேக்னத்தையும் ஏற்கும், சாதுவான தோட்டாவையும் ஏற்கும். அட்டவணையின் முதல் வரிசை மேக்னம். அதைத்தான் நிரப்பினார்.

"வெலாசிட்டில இதான் சார் டாப்."

டமார்! ஒரு அடுப்பளவு நெருப்பு. மணிக்கட்டு வானத்தைப் பார்த்தது. அடுத்த நான்கையும் கண்ணை இறுக மூடிக்கொண்டு சுட்டார். பின்னாலிருந்த மண்மேட்டுக்குப் பலத்த சேதம். கட்டியில் ஒரு கீறல் இல்லை.

"இன்னிக்கு ஹ்யூமிடிட்டி ஜாஸ்தி" என்றார்.

ராஜலக்ஷ்மி அட்டவணையின் கடைசி வரிசைத் தோட்டாவைக் கேட்டு வாங்கினார். தட்டை முனை, மெதுவான தோட்டா. நிபுணர் அதற்குச் சிவப்பு அடித்து "உபயோகமில்லை" என்று எழுதியிருந்தார். வாழ்நாளில் முதன்முறையாகத் துப்பாக்கியைப் பிடித்த அந்த அம்மாள், நிதானமாக ஐந்து முறை சுட்டார். நான்கு உள்ளே. ரேஞ்ச் முழுக்க ஏலக்காய் மணத்தது. ரிவால்வரைக் காலிசெய்து மேஜையில் வைத்துவிட்டுக் கையை நீட்டினார்.

சாவி கை மாறியது. திரும்பும் வழியெல்லாம் கஸ்தூரிரங்கன் வாயைத் திறக்கவில்லை. எனக்கே மனசு கஷ்டமாகிவிட்டது. வீண் கஷ்டம்! மறுநாள் கேன்டீனில் பொங்கலோடு உட்கார்ந்தேன். வாக்குத் தவறாத மனிதர். தோட்டாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"சார், துப்பாக்கியைப் பூட்டி வைக்கற கன் சேஃப்ல முப்பத்தாறு மாடல் இருக்கு..."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்களிடம் ரிவால்வரே இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாற்பது வீடியோ பார்த்து, மூன்று மாதம் ஒப்பிட்டு, நண்பர்கள் அத்தனை பேருக்கும் சிபாரிசு செய்து வாங்கினீர்களே ஒரு கேமரா, அது இப்போது எங்கே? உறையையாவது பிரித்தீர்களா? வீட்டில் யாராவது அதைக் கேட்டுக் கையை நீட்டுவதற்குள், போய் ஒரு படமாவது எடுத்துவிடுங்கள்.