ஆறிய டீயும் அப்ஜெக்‌ஷன் மாமாவும்

கொல்கத்தாவில் சூரியன் உதிக்க ஒரு கமிட்டி தீர்மானம் போட வேண்டியிருந்தால், இந்த ஊர் இன்றைக்கும் இருட்டில்தான் கிடக்கும். அந்தக் கமிட்டியில் அப்ஜெக்‌ஷன் மாமா இருந்திருப்பார்.

துறைமுக ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். கரியாஹாட் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் பழைய பள்ளியில் படித்தவர், பிறகு அதன் நிர்வாகக் கமிட்டி உறுப்பினர். பெயர் ஏதோ நீளமாக இருக்கும். வங்காளிகளும் தமிழர்களும் ஒன்றுபோல 'அப்ஜெக்‌ஷன் மாமா' என்றே கூப்பிட்டார்கள். அதற்கு மட்டும் அவர் ஆட்சேபணை சொன்னதில்லை.

போன கூட்டத்தின் குறிப்பை வாசித்து ஒப்புதல் ஆகும்வரை டீயை யாரும் தொடக் கூடாது என்பது அவர் சட்டம். குறிப்பின் ஒவ்வொரு வரிக்கும் அவரே ஆட்சேபணை சொல்வார். எங்கள் கமிட்டி பல வருஷங்களாக ஆறிய டீதான் குடித்தது. ஒரு தடவை அவருடைய சேவையைப் பாராட்டித் தீர்மானம் கொண்டுவந்தார்கள். அஜெண்டாவில் இல்லாத விஷயம் என்று அதையும் தோற்கடித்தார். வீட்டிலும் உப்புமாவா தோசையா என்று ஓட்டெடுப்பு நடக்குமாம். ஆளுக்கு ஒரு ஓட்டு, சமமாகிவிடும். "கரண்டி என் கையில இருக்கு, தலைவர் ஓட்டும் எனக்குத்தான்" என்று மாமி உப்புமாவைக் கிளறிவிடுவாள்.

என் அப்பா பள்ளிக்கு எதிரே இஸ்திரி வண்டி வைத்திருந்தார். அவரும் பள்ளிக்கூடம் போனதில்லை, அம்மாவும் போனதில்லை. நான் ஒன்றாம் வகுப்புக்கான தேர்வில் தேறிவிட்டேன். பேர் சேர்க்கிற நேரம் பார்த்து செக்ரட்டரி புது விதி கொண்டுவந்தார்: தாயும் தகப்பனும் பட்டதாரிகளாக இருந்தால்தான் சேர்க்கை. அந்த வருஷத்திலிருந்தே.

கூட்டம் நடந்த அன்று வராந்தா பெஞ்சில் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். கதவு திறந்துதான் இருந்தது. எனக்கு நினைவிருப்பது அம்மா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தது மட்டும். உள்ளே வங்காள மொழியில் நடந்ததையெல்லாம் அப்பா தமிழாக்கி, மாமாவின் குரலிலேயே இன்றைக்கும் நடித்துக் காட்டுவார்.

விதியை வாசித்து முடித்ததும் மாமா எழுந்தார்.

"ஆபார் கீ, தாதா?" மறுபடி என்ன அண்ணா என்று செக்ரட்டரி அலுத்துக்கொண்டார்.

விதியைப் பற்றி இப்போது பேசப் போவதில்லை என்றார் மாமா. கமிட்டியே திகைத்துப்போனது. தலைவர், அலிப்பூர் கோர்ட்டில் ஜட்ஜாக இருந்தவர், கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"யார் ஓட்டுப் போடறதுங்கறதுலதான் ஆட்சேபணை. என் அப்பா லேக் மார்க்கெட் மெஸ்ஸுல சமையல்காரர். அம்மா கைநாட்டு. இந்த விதி அன்னிக்கே இருந்திருந்தா நான் இந்த கேட்டைத் தாண்டியிருக்க மாட்டேன். அப்படிப்பட்டவன் இதுல ஓட்டுப் போடறது முறையில்லை. வெளில போறேன். என்னை மாதிரி வேற யாராவது இருந்தா அவங்களும் வந்துடணும்."

வந்தார். "கொஞ்சம் நகர்ந்துக்கோப்பா" என்று அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

பிறகு பொருளாளராக இருந்த டாக்டர் வந்தார். அவருடைய அம்மா பள்ளிக்கூடத்தை வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. பின்னாலேயே இன்னும் சிலர். கடைசியாக, மெதுவாக, ஜட்ஜ்.

மாமா கதவுக்குள் தலையை நீட்டினார். "கோரம் இல்லை, செக்ரட்டரி பாபு. ஆள் போதாம கூட்டம் நடத்தக் கூடாது."

உள்ளே செக்ரட்டரியும் அவருடைய விதியும் மட்டும் இருந்தார்கள். ஆமோதிக்கக்கூட ஆளில்லை. சற்று நேரத்தில் அவரும் வெளியே வந்தார். தன் அம்மாவை நினைத்து வந்தாரா, டீத்தட்டு வராந்தாவுக்கு வந்துவிட்டதே என்று வந்தாரா, யாருக்கும் தெரியாது. அந்த விதி மறுபடி அஜெண்டாவில் ஏறவே இல்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இப்போது அதே பள்ளியில் கணக்கு டீச்சர். ஆசிரியர் பிரதிநிதியாக அதே கமிட்டியிலும் இருக்கிறேன். முதல் கூட்டத்தில் நான் வாயைத் திறந்ததும் "ஆட்சேபணை" என்றார் மாமா. என் குரல் கடைசி நாற்காலி வரை கேட்கவில்லையாம்.

"இவ்வளவு தூரம் வந்தது முணுமுணுக்கறதுக்கா? சத்தமாச் சொல்லு. அப்பறம் ஆட்சேபிக்கறேன்."

சொன்னேன். சொன்னபடியே ஆட்சேபித்தார்.

போன மாதம் மாமாவும் மாமியும் மகளோடு இருக்க பெங்களூருக்குக் குடிபோய்விட்டார்கள். அதன்பின் நடந்த கூட்டத்தில், குறிப்பை வாசித்ததுமே ஒப்புதல் ஆகிவிட்டது. டீ ஆவி பறக்க வந்தது. எல்லோரும் ஆசையாக எடுத்துக் குடித்தார்கள்.

நான் என் கப்பை ஆற வைத்துவிட்டுத்தான் குடித்தேன்.