அருந்தவன் போட்ட அட்டவணை

"பாரிசோ, சூரிச்சோ? இண்டைக்கு முடிவு சொல்லுங்கோ," என்றாள் சிவகௌரி, தோசையைத் திருப்பியபடியே.

அவர்கள் இருப்பது சிட்னியின் ஹோம்புஷில். அவளுடைய கணவன் அருந்தவனுக்கு ஒரு வார லீவு கிடைத்திருந்தது. சூரிச்சில் சிவகௌரியின் அண்ணன் சிறிதரன். அவரைக் கண்டு ஒன்பது வருடமாகிறது. பாரிசில் அருந்தவனின் அக்கா இராஜேஸ்வரி. இரண்டுக்கும் நடுவில் ரயிலில் நாலு மணித்தியாலம்தான். ஆனால் அக்கா வீட்டுக்குப் போனவர்கள் பத்து நாளுக்குள் தப்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. போகாமல் விட்டால் அவள் ஆயுசுக்கும் பேசமாட்டாள்.

அருந்தவன் அலுவலகத்தில் புள்ளிவிவரம் பார்க்கிறவன். மனிதரால் தீராததை எக்செல் தீர்க்கும் என்று நம்பினான். வெளிநாட்டுப் பயணிகள் பிரான்சிலும் சுவிசிலும் ஆளுக்கு எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்று ஓர் அட்டவணை போட்டான். சுவிஸ்தான் விலை கூட, அப்படியென்றால் பாரிஸ். ஒருவரையும் நோகடிக்காமல் முடிந்தது என்று, அதைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டான்.

ஐந்தே நிமிடத்தில் சூரிச்சிலிருந்து போன்.

"மச்சான், என்ர வீட்டில சாப்பிட்டால் நான் பில் தாறனானோ?"

"ஐயோ, அது ஹோட்டல்ல நிக்கிற ஆக்களின்ர கணக்கு..."

"அப்ப நீர் ஹோட்டல்ல நிக்கப் போறீரோ?"

சிவகௌரி அடுப்பை அணைத்தாள். அருந்தவனுக்கு அத்தோடு தோசை இல்லை.

அவசரமாகக் கணக்கை மாற்றினான். ஆளுக்கு வேண்டாம், நாட்டுக்கு மொத்தம் எவ்வளவு என்று பார்த்தால் பிரான்ஸ் எங்கேயோ மேலே போனது. அதையும் அனுப்பினான்.

இப்போது பாரிஸ்.

"தம்பி, வாற சனத்திட்டக் கூடக் கறக்கிறது நாங்கள் எண்டு எழுதியிருக்கிறாய், என்ன? பள்ளிக்கூடத்துக்கு உனக்குச் சோறு கட்டித் தந்தது நான்!"

"அக்கா, அது அரசாங்கத்தின்ர கணக்கு..."

"அரசாங்கமோ உனக்கு அக்கா?"

அருந்தவனுக்குத் தலை சுற்றியது. இரண்டு நாடும் வேண்டாம், இத்தாலியில் ஹோட்டல் எடுத்து நிற்கிறோம், எல்லோரும் அங்கே வாருங்கள் என்று எழுதினான்.

கூப்பிடு தூரத்தில் சொந்தக்காரர் இருக்க ஹோட்டலா? அதற்கு அவர்களைச் செருப்பால் அடித்திருக்கலாம். அடுத்த நாலு நாள் ஒரு போனும் வரவில்லை. குழுவில் காலை வணக்கப் பூப்படம்கூட இல்லை.

"ரெண்டு வீடும் போச்சு. இனி எப்ப நான் அண்ணாவைப் பாக்கிறது?" சிவகௌரி கதிரையில் உட்கார்ந்து அழுதாள்.

அருந்தவன் மன்னிப்புக் கேட்டு எழுதுவோம் என்று போனை எடுத்தான்.

பல்கலைக்கழகத்திலிருந்து வந்த மகள் சுஜீவா அதைப் பார்த்துச் சிரித்தாள்.

"கூல் அப்பா, ஒருத்தருக்கும் கோபமில்லை, எல்லாரும் பெட்டி அடுக்கிக்கொண்டு நிக்கினம். அட்டவணையில நீங்கள் அவுஸ்திரேலியாவை விட்டிட்டியள் எண்டு நான் ஒரு வரி சேர்த்து அவையளுக்குத் தனித்தனியா அனுப்பினனான், 'சிட்னியில ஆளுக்குச் செலவு பூச்சியம், எங்கட வீடு' எண்டு. மாமியாக்களும் மாமாவாக்களுமாப் பதினொரு பேர், வாற சனிக்கிழமை வந்து இறங்குகினம்!"