எட்டுப் புள்ளி ஒன்பது

நாமக்கல், 9.2.1983, புதன், காலை 7.10. உங்களுக்கு எழுதும் மூன்றாவது கடிதம்.

எருமப்பட்டி சின்னண்ணன் மாமா அவர்களுக்கு, தங்கை மகன் அருணகிரி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு யாவரும் சுகம். உங்கள் சுகம் தெரிந்ததுதான், விசாரிக்கவில்லை.

என் தங்கச்சி சௌந்திரம் கல்யாணம் 23ஆம் தேதி. அவளைக் கைப்பிடித்து மணவறைக்குக் கூட்டி வர வேண்டிய தாய்மாமன் நீங்கள். "இந்தச் செதில் கையோட பொண்ணைத் தொட்டா சம்பந்தி ஊட்டுக்காரங்க எந்திரிச்சுப் போயிருவாங்களாம், வரமாட்டேங்கறாரு சாமி" என்று அத்தை அழுகிறார்கள். அது சொரியாசிஸ். ஒட்டாது. லேப் டெக்னீசியன் சொல்கிறேன்.

செதிலுக்குச் சங்ககிரியில் களிம்பு வாங்கி, பூசின கையோடு பஸ் கம்பியைப் பிடித்து வழுக்கி விழுந்து, கால் கட்டைவிரல் வீங்கினது விழுந்ததால்தான் என்று நீங்களே முடிவு பண்ணி, பரமத்தி வேலூரில் கட்டுப் போட்டு, கட்டுப் போட்டவர் தினம் ஆட்டுக்கால் சூப்பு குடிங்கன்னா நீங்க ஈரலையும் சேர்த்துக்கிட்டு, இப்ப வீக்கம் முட்டிக்கு ஏறியிருக்கு. தோலும் காலும் வேற வேற வியாதி இல்லீங்க மாமா. உங்க தோல் ஒரு மாசத்துல உதிர வேண்டியது, நாலே நாள்ல உதிருது. அத்தனை செல் செத்தா அந்தக் கழிவு யூரிக் அமிலமா ரத்தத்துல சேரும், மூட்டுல தங்கி வீங்கும், ஈரல் தின்னா இன்னும் ஏறும். போன மாசம் உங்களுக்கு 8.9. ஏழே ஜாஸ்தி. மூணு தடவை வெச்சுப் பார்த்தேன், மூணும் அதே. நம்பர் பொய் சொல்லாது. அதைக் குறைக்கக் குடுத்த மாத்திரையைச் சாப்பிட்டுட்டு வந்து சேருங்க.

அத்தைக்கு அன்பான வணக்கம். உங்களுக்கும் வணக்கம், கோபத்தோடு.

அருணகிரி

பி.கு. மதியம் 2.15. இதை இன்னும் தபாலில் போடவில்லை. இன்று வந்த எட்டுப் பேருக்கும் எட்டுக்கு மேல். என் ரத்தத்தை வைத்தேன், 9.4. ஒப்பிட்டுப் பார்க்கிற கரைசல் கெட்டுப்போயிருக்கிறது. எப்போதிருந்து என்று தெரியாது. உங்களுக்கு எவ்வளவு என்பதும் தெரியாது. வீக்கம் எதனால் என்பதும் தெரியாது. ஒட்டாது என்பது மட்டும் நிஜம். இனிச் செய்யப்போவது:

1. புதுக் கரைசல் கலக்குவேன்.

2. எட்டுப் பேர் வீட்டுக்கும் போய்த் திட்டு வாங்குவேன்.

3. ஞாயிறு முதல் பஸ்ஸில் வந்து மறுபடி ரத்தம் எடுப்பேன். மாத்திரையைத் தொடாதீர்கள்.

4. எந்த நம்பர் வந்தாலும் உங்களைக் கூட்டிக்கொண்டுதான் திரும்புவேன். விளக்கம் சொல்ல என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. சௌந்திரம் சொன்னதைச் சொல்கிறேன்: "செதில் உதிர்ந்தா என் சேலையில உதிரட்டும். மாமன் கை இல்லாம நான் மணவறைக்கு நடக்க மாட்டேன்."