காட்டித்தாறேன் சித்தப்பா

பத்திரிகையில் எழுதும் அளவுக்கு நான் படித்தவன் அல்ல. பள்ளிக்கூடப் படிப்போடு சரி. நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூசுகிறவன். என் சித்தப்பாவைப் பற்றி வேறு யாரும் எழுதப்போவதில்லை என்பதால் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் திருவிதாங்கூரில் இருந்த காலம் அது. அந்த ராஜ்யம் முழுவதிலும் பிள்ளைகளின் கேள்விக்கு வாயால் பதில் சொல்லத் தெரியாத ஒரே மனிதர் அவர்தான். அப்பாவிடம் கேட்டால், "போலே அந்தால." அம்மாவிடம் கேட்டால் அகப்பைக்காம்பு. சித்தப்பாவிடம் கேட்டால், "வா மக்கா, காட்டித்தாறேன்." புதுக்கடைச் சந்தையிலும் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது.

கிணற்றுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஒருமுறை கேட்டேன். கயிற்றைப் பிடித்து உள்ளே இறங்கிவிட்டார். உச்சிப்பொழுது வரை அங்கேயே நின்று, "இந்தா, இந்த மூலையில ஊறுது மக்கா, காலு சில்லுங்குது!" என்று கத்திக்கொண்டிருந்தார். வாளியோடு வந்த அம்மா மேலிருந்து சொன்னாள்: "தம்பி, கஞ்சிக்குத் தண்ணி கோரணும். கொஞ்சம் ஒதுங்கி நில்லும்."

வாத்துக் குஞ்சைக் கோழி வளர்த்தால் நீந்துமா என்று தங்கை எஸ்தர் கேட்டாள். அடைக்கோழிக்கு அடியில் வாத்து முட்டைகளை வைத்தார். பொரிந்த குஞ்சுகள் நேரே குளத்தில் இறங்கின. கரையில் தாய்க்கோழி கதறிக்கொண்டு ஓட, கூடவே சித்தப்பாவும் ஓடினார். "அதுக்க நெஞ்சு பதறுதே மைனி!" என்று அம்மாவிடம் புலம்பி, அன்று அவர் கஞ்சிகூடக் குடிக்கவில்லை.

இப்படிப்பட்டவருக்குப் பெண் கிடைப்பது லேசா? கடைசியில் சிதறால் பக்கம் ஒரு பெண் அமைந்தது. சபை அசன விருந்தில் அவளைப் பார்த்த நாள்முதல் சித்தப்பா எண்ணெய் தடவி வகிடு எடுக்கத் தொடங்கியிருந்தார். பெண்ணின் அப்பா மாப்பிள்ளை வீடு காண வரும் நாளில் அம்மா கெஞ்சினாள்.

"தம்பி, இன்னைக்கு ஒரு நாளு பிள்ளையளுக்கு ஒண்ணும் காட்டாதிரும்."

"இல்ல மைனி. கையைக் கெட்டிக்கிட்டே இருக்கேன்."

அப்படியேதான் இருந்தார். முந்திரிக்கொத்தும் காப்பியும் முடிந்து, கல்யாண மாதம் குறிக்கும் பேச்சு வந்தது. அப்போது எஸ்தர் முற்றத்திலிருந்து ஓடிவந்தாள்.

"சித்தப்பா, அவுங்க வண்டிமாடு நடந்தா டக்குடக்குன்னு கேக்குதே, செருப்பு போட்டிருக்கா?"

"போட்டீ அந்தால!" என்றார் அப்பா. எஸ்தரின் உதடு பிதுங்கியது. சித்தப்பா பெண்ணின் அப்பாவைப் பார்த்தார். எஸ்தரைப் பார்த்தார். கட்டியிருந்த கை அவிழ்ந்தது.

"வா மக்கா, காட்டித்தாறேன்."

கயிறு இடைஞ்சலாக இருக்கிறதென்று மாட்டைத் தென்னையிலிருந்து அவிழ்த்துவிட்டு, காலைத் தூக்கி லாடத்தைக் காட்டினார். எஸ்தர் அதைத் தொட்டாள். மாடு உதறியது, மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்தைத் தாண்டி ஓடியே போயிற்று.

பெண்ணின் அப்பா வேட்டியை மடித்துக் கட்டினார். "என்னவே, பிள்ளை கேட்டா மாட்டை அவுக்கீரு. நாளைக்கு எம் மவ தாலியையும் அவுத்துக் காட்டுவீரோ?" என்று சொல்லி, நடந்தே புறப்பட்டுவிட்டார்.

வேறு பெண் பார்க்கச் சித்தப்பா சம்மதிக்கவே இல்லை. "அன்னைக்கு நான் அந்தப் பிள்ளையத் தூக்கிக்கிட்டு அடுக்களைக்குப் போயிருக்கப்பிடாதா" என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஓடிப்போன மாடு மறுநாள் வெயில் ஏறிய பிறகுதான் கிடைத்தது. சித்தப்பா அதை முற்றத்தில் நின்ற அவர்கள் வண்டியில் பூட்டிச் சிதறாலுக்குக் கொண்டு போனார். பெண் வீட்டார் கயிற்றை வாங்கிக்கொண்டார்கள். உள்ளே வரச் சொல்லவில்லை. பொழுது சாய நடந்து வந்து சேர்ந்தார். அன்று நாங்கள் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை.