திரைக்காரர் சொன்ன காரணம்

பழைய வேலையை ஏன் விடுகிறீர்கள் என்ற கேள்விக்கு உண்மையான பதில் சொன்னவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவரும் எங்கள் காஞ்சிபுரத்தில்தான் இருந்தார். பட்டுக்கடையொன்றில் ஆள் எடுக்கும் பொறுப்பை நெடுங்காலம் சுமந்தவள் என்பதால் இதை அடித்துச் சொல்வேன். மற்றவர்கள் எல்லோரும் முன்னேற்றத்துக்காகவே வந்தார்கள். கல்லாவில் கைவைத்துத் துரத்தப்பட்டவர்கூட முன்னேற்றத்துக்காகத்தான் வந்திருந்தார்.

இவருக்குக் கடைத்தெரு வைத்த பெயர் திரைக்காரர். வேறொரு பட்டுக்கடையில் காட்சிப் பொம்மைகளுக்குப் புடவை கட்டுவது தொழில். இளவயதில் கோயிலில் அலங்காரத்துக்கு மாலை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர். அம்மனுக்குப் புடவை மாற்றுகையில் சந்நிதியில் திரை போடுவார்கள் அல்லவா? அந்தப் பழக்கத்தை அந்தக் கடைக்கும் கொண்டுவந்துவிட்டார். கம்பியில் சிவப்புத் துணியை மாட்டி இழுத்துவிட்ட பிறகுதான் பொம்மையின் முந்தானையில் கைவைப்பார். அப்போதும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கொசுவம் வைப்பார்.

திரை மூடியிருந்தால் நின்று காத்திருப்பது எங்கள் ஊர்க்காரர்களின் இரத்தத்தில் ஊறியது. கடையிலும் நின்றார்கள். திரை விலகியதும் தம்மை அறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒரு மாமி தேங்காயோடு வந்தார். வெளியூர்க்காரர் ஒருவர் பிரசாதம் எந்தப் பக்கம் என்று விசாரித்தார். கூட்டம் சேர்ந்ததால் அந்தக் கடை முதலாளிக்கும் மகிழ்ச்சியே.

அப்படிப்பட்டவர்தான் திடீரென்று எங்களிடம் வேலை கேட்டு வந்தார். தெருவிலிருந்த மற்றக் கடைகள் அனைத்திலும் அதற்குள் கேட்டுப் பார்த்துவிட்டிருந்தார். காரணத்தைக் கேட்டதும் எல்லோரும் வாசலைக் காட்டிவிட்டார்கள். எங்கள் கடைதான் மிச்சம். இதுவும் கிடைக்காவிட்டால் மைத்துனரின் கோழிக்கடையில் நிற்க வேண்டும் என்று வீட்டில் தீர்ப்பாகிவிட்டது என்பதையும் அவரே சொன்னார். ஈயைக்கூட விரலால் விரட்டாமல் வேண்டிக் கேட்டுக்கொள்கிற மனிதர் அவர்.

மழை பிடித்துக்கொண்ட மதியம். மின்சாரம் போயிருந்தது. எங்கள் முதலாளி காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். வழக்கமான கேள்வியைக் கேட்டேன். திரைக்காரர் தயங்கவே, சம்பளம் போதவில்லையோ என்று எடுத்துக் கொடுத்தேன். தாராளமான சம்பளம் என்றார். தூரமோ என்றேன். பக்கத்துத் தெருவாம். முதலாளி கோபக்காரரோ? தங்கமான மனிதராம். அவர் தப்பிப்பதற்காக நான் நீட்டிய காரணங்களையெல்லாம் பதமாக மடித்து என்னிடமே திருப்பித் தந்துவிட்டார்.

"படிக்கட்டாண்ட ஒரு அம்மா இருக்காங்க மேடம். பொம்மதான். கொசுவத்த ஒரு கையில புடிச்சிக்கினு ஊசிக்குக் கை நீட்டுனேன். ஊசி கையில வந்துட்டுது."

"யார் கொடுத்தாங்க?"

"திரைக்குள்ள நானும் அந்தம்மாவுந்தான்."

காலண்டர் அட்டை நின்றது. பயந்துபோய் வேலையை விட்டீர்களா என்று கேட்டேன்.

"பயமா? எடுத்துக் குடுத்தவங்களுக்கு தாங்க்ஸ் சொல்லணுமில்ல, சொன்னேன். அப்பதான் மெதுவா கேட்டாங்க, 'எப்பப்பா உக்காரலாம்'னு."

தேநீர் கொண்டுவந்த விற்பனைப் பெண் செல்வி, தம்ளரை வைத்துவிட்டுப் போகாமல் அங்கேயே நின்றாள். காலையிலிருந்து நின்ற கால்கள். எங்கள் கடையிலும் விற்பனைப் பெண்கள் உட்காரும் வழக்கம் கிடையாது.

"நீ இன்னாண்ணா சொன்ன?" என்றாள்.

"கேட்டுச் சொல்றேம்மான்னேன். முதலாளியாண்ட ஒரு நாற்காலி கேட்டேன். சிரிச்சிட்டாரு. சொன்ன சொல்லு போச்சு. மறுபடி எந்த மூஞ்சிய வச்சிக்கினு திரைக்குள்ள போறது?"

எங்கள் முதலாளி சிரிக்கவில்லை. ராகுகாலத்தில் கடையின் கண்ணாடிக் கதவைத் துடைக்கவும் விடாதவர் அவர். காலண்டர் அட்டையைக் கீழே வைத்தார். பிறகு, மாடியில் புடவை மடிக்கும் வேலைக்கு மறுநாளே வரச் சொன்னார். எழுந்து கிளம்பியவரின் தோளைத் தொட்டு, "நம்ம ஜன்னல் பொம்ம எதனா கேட்டுதாப்பா?" என்றார்.

"இன்னும் பழக்கம் ஆவலீங்க" என்றார் திரைக்காரர்.

அந்த வாரமே கடைக்கு முக்காலிகள் வந்து இறங்கின. வாடிக்கையாளர்களுக்கு என்றார் முதலாளி. ஆனால் ஒன்றை ஜன்னல் பொம்மையின் பின்னால் அவரே கொண்டுபோய் வைத்தார். வியாபாரம் ஓய்ந்த வேளைகளில் பெண்கள் மற்றவற்றில் உட்கார்ந்தார்கள். எழுந்திரு என்று சொல்லும் துணிவு கடையில் யாருக்கும் இல்லை.

ஒருநாள் கடை திறந்ததும் செல்விதான் கவனித்தாள். ஜன்னல் பொம்மையின் புடவையில் மடியருகே குறுக்காகக் கசங்கல்கள். பட்டோடு வாழ்கிறவர்களுக்கு அது தெரியும். நின்றுகொண்டே இருப்பவளின் புடவையில் அந்தக் கசங்கல் விழாது. முதலாளி அந்தப் புடவையை விற்கவில்லை. தம் கையாலேயே கோயிலில் சேர்த்துவிட்டு வந்தார்.

மாடியில் அமைதியாகப் புடவை மடித்துக்கொண்டிருந்த திரைக்காரர், மகளுக்கு வேலை கிடைத்த பிறகு ஓய்வு பெற்றார். விடைபெறக் கீழே இறங்கி வந்தபோது நாங்கள் எல்லோரும் மரியாதைக்கு எழுந்து நின்றோம். அவர் பதறிப்போனார். "உக்காருங்கம்மா, உக்காருங்க" என்று ஒவ்வொருவரையும் கையமர்த்தி உட்காரவைத்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, "நீங்களுந்தாம்மா" என்றார்.

அந்தப் பக்கம் நாங்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அவரை நம்பாததுபோல் ஆகிவிடும்.