சயாம் பட்டியலில் சாக்ரடீஸ்

ஆற்றோரத் தோட்டம், லிங்கி.
சுபானு வருஷம், ஆடி மாதம் 20. (ஜப்பான்காரர் கணக்கில் 2603.)

தம்பின் ஊரில் வாழும் மதிப்புக்குரிய அத்தான் அமிர்தலிங்கம் அவர்களுக்கும் என் அக்காள் பஞ்சாலைக்கும், தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி நல்லசாமி வணங்கி எழுதிக்கொண்டது. இங்கு நான், செல்லம்மா, மகள் நீலாவதி மூவரும் மரவள்ளிக்கிழங்கின் தயவில் சுகம். அங்கும் அதே கிழங்கின் தயவில் நீங்கள் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். தபாலில் போட்டால் பிரித்துப் படிக்கிறார்களாம். ஆகவே இதை லாரி டிரைவர் ஜார்ஜ் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, அதனால் பயமில்லை.

உங்கள் மகனும் எங்கள் வருங்கால மாப்பிள்ளையுமான கணேசமூர்த்தி உயிரோடும் கை காலோடும் முழுசாக இருக்கிறார். இதை முதலில் எழுதிவிட்டு உங்கள் ஞானத்தையெல்லாம் அப்புறம் எழுதுங்கள் என்று செல்லம்மா பக்கத்தில் நின்று சொன்னதால் எழுதினேன். இல்லையென்றால் கதையை வரிசையாகச் சொல்லியிருப்பேன்.

போன தீபாவளிக்கு இங்கே வந்தபோது நீங்கள் என்ன கேட்டீர்கள் என்று நினைவிருக்கிறதா அத்தான்? "ஏன்டா நல்லா, இம்புட்டுப் படிக்கிறியே, அதுல ஒரு வேளைக் கஞ்சி வருமா லா?" என்று பத்துப் பேர் முன்னால் கேட்டீர்கள். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன அன்று பங்களாவிலிருந்து ஆளுக்கொரு பொருளாகத் தூக்கிக்கொண்டு வந்தபோது ஆட்களை மேய்க்கும் மண்டோர் கிராமபோனை எடுத்தார், சன்னாசி பீப்பாயை எடுத்தான், நான் கிழக்கு மேற்கு ஞானிகளைப் பற்றிய நாலு தடித்த புத்தகங்களை எடுத்து வந்தேன். கொசுவலையை எடுத்திருக்கலாமே என்று செல்லம்மா இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள். அந்த நாலு புத்தகம் இப்போது உங்கள் வம்சத்தையே காப்பாற்றியிருக்கிறது. கஞ்சி வரவில்லைதான். மாப்பிள்ளை மிஞ்சினார்.

விஷயம் இதுதான். போன வாரம் ஜப்பான் அதிகாரி ஒருவர் வந்தார். கூடவே மொழிபெயர்க்க ரஹாங்கில் தையல்கடை வைத்திருந்த ராமகிருஷ்ணன். சயாமில் ரயில்பாதை போட இந்தத் தோட்டத்திலிருந்து ஐந்து ஆள் வேண்டும், மறுநாள் காலைக்குள் கிராணி பெயர் எழுதித் தர வேண்டும் என்று உத்தரவு. சயாமுக்குப் போனவர்களில் இதுவரை ஒருவர்கூடத் திரும்பி வந்து நான் பார்க்கவில்லை. ஆள் பெயர்ப் பதிவான செக்ரோலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தினமும் காலைப் பெரட்டில் என் வாயால் கூப்பிட்டு, ஆள் வந்தானா என்று பார்த்த பெயர்கள் அத்தான்; எதை எழுதக் கை வரும்? மண்டோர் மட்டும் தெளிவாக இருந்தார். "கிராணி, மாப்ள தம்பின்காரருதானே, பொண்டாட்டி புள்ள இல்ல. மொதல்ல அவர எழுதுங்க லா" என்றார். கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு மாதம் மாமன் வீட்டில் ஒத்தாசையாக இருக்கட்டும் என்று நீங்கள் நம்பி அனுப்பிய பிள்ளை. பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். தலையைத் திருப்பினால் அலமாரியில் அந்த நாலு புத்தகம். இவர்கள் எல்லாம் செத்து ஆயிரம், இரண்டாயிரம் வருஷம் ஆகிறதே, இவர்கள் சயாமுக்குப் போனால் யார் அழப்போகிறார்கள் என்று தோன்றியது. தகப்பன் பெயர் இல்லாமல் தோட்டத்தில் ஆள் கிடையாது. ஆகவே முறைப்படி எழுதினேன். சாக்ரடீஸ், த/பெ கல்தச்சன். டயோஜனிஸ், த/பெ வட்டிக்கடைக்காரர். எபிகூரஸ், த/பெ வாத்தியார். சங்கரன், த/பெ சிவகுரு. கௌதமன், த/பெ சுத்தோதனன். கன்பூசியசையும் சேர்க்க ஆசைதான். சீனப் பெயரைப் பார்த்தால் அதிகாரிக்கு வேறு விதமாகக் கோபம் வரும் என்று விட்டுவிட்டேன். ஐந்து பேரும் காட்டுக்குள் ஓடிவிட்டார்கள் என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்பது என் திட்டம்.

திட்டம் ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. பட்டியலைப் பார்த்து அதிகாரி வயிறு குலுங்கச் சிரித்தார் என்றும், அந்த ஐந்து பேரையும் நாளை மறுநாள் பெரட்டில் நிறுத்தி வைக்க வேண்டும், தானே வந்து பார்ப்பார் என்றும் ராமகிருஷ்ணன் சொல்லியனுப்பினார். எனக்குப் புரிந்துவிட்டது. ஆள் சர்வகலாசாலையில் தத்துவம் படித்தவர்! பெயருக்கேற்ற ஆள் இல்லையென்றால் என் தலை போகும். ஆள் திடமாக இருந்தால் சயாமுக்குப் போய்விடுவான். ஆகவே பார்த்தால் நோயாளி, பேசினால் ஞானி என்று ஐந்து பேர் வேண்டும். அலைந்து பிடித்தேன். ஒற்றைக் கண் தங்கராஜு சாக்ரடீஸ். மலேரியாக்காரன் சன்னாசி டயோஜனிஸ். நெஞ்சு எலும்பை எண்ணிவிடலாம் போலிருக்கும் மைக்கல்ராஜ் எபிகூரஸ். காது மந்தமான மணியம் சங்கரன். ரப்பர் காயவைக்கும் புகைக்கூடத்துக் கிழவர் ஒருவர் கௌதமன். ஒரு மத்தியானம் முழுக்கப் புகைக்கூடத்துக்குப் பின்னால் உட்காரவைத்து, சாக்ரடீஸ் கேள்வி கேட்டே ஊரை மடக்கியதையும், எபிகூரஸ் ரொட்டியும் தண்ணீரும் நாலு சிநேகிதர்களும் போதும் என்று தோட்டத்தில் வாழ்ந்ததையும் தொண்டை வற்றச் சொல்லிக்கொடுத்தேன். "அந்த ரொட்டி எங்க கிடைச்சிச்சு கிராணி?" என்று மைக்கல்ராஜ் கேட்டான். அதைத் தவிர யாரும் ஒரு சந்தேகமும் கேட்கவில்லை.

பெரட்டு நாளும் வந்தது. விடிந்து பார்த்தால் புகைக்கூடத்துக் கிழவரைக் காணோம்! பயந்து லிங்கி ஆற்றைத் தாண்டிவிட்டாராம். நாலு பேர்தான் நிற்கிறார்கள், கார் சத்தம் கேட்கிறது, எனக்கு வேட்டி அவிழ்வது தெரியவில்லை. அப்போது உங்கள் மகன், நான் தடுக்கத் தடுக்க, ஐந்தாவது ஆளாகப் போய் நின்றார். "நான் நிக்காட்டி உங்க தல போயிரும் மாமா. நீலாவதி மூஞ்சில நான் எப்படி முழிக்கிறது?" என்றார். அப்படிப்பட்ட பிள்ளையைப் பெற்ற உங்களையும் அக்காளையும் அந்த நிமிஷம் மனதுக்குள் கும்பிட்டேன் அத்தான். ஆனால் ஐந்து பேரில் திடகாத்திரமான ஆள் அவர் ஒருவர்தான்.

அதிகாரி ஒவ்வொருவர் முன்னாலும் நின்று ஏதோ கேட்டார். என் காதுக்கு எல்லாம் ஒரே மாதிரிச் சத்தம்தான். ராமகிருஷ்ணன்தான் அழகாகத் தமிழில் மாற்றினார். தங்கராஜுவைப் பார்த்து, "ஒனக்கு என்ன தெரியும்னு கேக்குறாரு" என்றார். சொல்லிக்கொடுத்ததெல்லாம் மறந்துபோய் அவன், "எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க" என்றான். எனக்குப் புல்லரித்துவிட்டது! சாக்ரடீசே வந்து நின்றாலும் வேறென்ன சொல்லியிருப்பார்? சன்னாசியிடம் எங்கே குடியிருக்கிறாய் என்றதற்கு, லயத்து வீட்டுக் கூரை போனதிலிருந்து பீப்பாய்க்குள் படுக்கிறேன் என்று உள்ளதைச் சொன்னான். அதோடு நிற்காமல், குளிர் ஜுரத்தில் பல் அடித்துக்கொள்ள, "துவான், செத்த தள்ளி நில்லுங்க, வெயில மறைக்கிறீங்க" என்றானே பார்க்கலாம்! சக்கரவர்த்தியைப் பார்த்து டயோஜனிஸ் சொன்னதாகப் புத்தகத்தில் இருப்பதும் அதுதான், இவனுக்கு நான் அதைச் சொல்லிக்கொடுக்கவே இல்லை. மைக்கல்ராஜ் மட்டும் கொஞ்சம் சறுக்கினான். வாழ என்ன வேண்டும் என்றதற்கு ரொட்டியும் தண்ணீரும் என்று சொல்ல வேண்டியவன், "சோறு, கருவாடு, ஒரு சிகரெட்டு" என்று பட்டியல் போட்டான். மணியத்துக்குக் கேள்வி காதில் விழவில்லை. அதற்கு ஓர் அறை விழுந்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, "கிராணி, இதுவும் மாயைதானா?" என்றான். கடைசியில் மாப்பிள்ளை. ஏன் முகம் வாடியிருக்கிறது என்று கேட்டார்கள். "எல்லாத் துன்பத்துக்கும் ஆசதான் காரணங்க" என்று சொல்லிவிட்டு, ரப்பர் பால் வாளியோடு நின்ற நீலாவதியை ஒரு பார்வை பார்த்தார். புத்தர் பார்க்கிற பார்வை இல்லை அது. ராமகிருஷ்ணன் ஜப்பான் பாஷையில் ஏதோ சொல்ல, அதிகாரி தொடையைத் தட்டிச் சிரித்தார், பட்டியலில் ஐந்து பெயர்களுக்கும் குறுக்கே கோடு இழுத்தார், காரில் ஏறிப் போய்விட்டார்.

இவ்வளவுதான் அத்தான். கிரேக்கமும் பாரதமும் கைகோத்து வந்து லிங்கி ஆற்றங்கரையில் நம் பிள்ளையைக் காத்தன. தோட்டமே என்னை இப்போது வேறு கண்ணால் பார்க்கிறது. ஒன்று மட்டும் உறுத்துகிறது. எங்கள் ஐந்து பேருக்குப் பதிலாக வேறு எந்தத் தோட்டத்தில் யார் வீட்டுப் பிள்ளைகளைப் பிடித்தார்களோ என்று நினைத்தால் கிழங்கு தொண்டையில் இறங்குவதில்லை. அதற்கு அந்த நாலு புத்தகத்திலும் பதில் தேடுகிறேன், இன்னும் அகப்படவில்லை.

ஆவணி பன்னிரண்டில் கல்யாணம். விருந்தைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். சோறு இல்லாவிட்டாலும் கறி உண்டு. மார்பு அகன்ற நல்ல கடா. அகன்ற மார்புக்காரரான கிரேக்க ஞானியின் ஞாபகமாக பிளேட்டோ என்று பெயர் வைத்திருக்கிறேன், வீட்டுக்குப் பின்னால் மேய்கிறது. அக்காளுக்கு என் நமஸ்காரம். முருகன் அருளும் முனியாண்டி காவலும், இடம் இருந்தால் சாக்ரடீசின் நல்லெண்ணமும் உங்கள் வீட்டில் நிலைக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்,
நல்லசாமி.

பின்குறிப்பு: மேலே எழுதியதில் மாப்பிள்ளை உயிரோடு இருக்கிறார் என்பதை மட்டும் நம்பவும். இப்போதுதான் ராமகிருஷ்ணன் வந்துவிட்டுப் போனார். அதிகாரி ஊரில் மீன் வியாபாரியாம். சாக்ரடீஸ் என்றால் மருந்தா மாத்திரையா என்று கேட்பாராம். நான் பட்டியல் கொடுத்த அன்றே செல்லம்மாவும் நீலாவதியும் பிளேட்டோவை ஓட்டிக்கொண்டு போய், ஆட்களை விட்டுவிடச் சொல்லி அவரிடம் ஒப்படைத்துவிட்டார்களாம். முதலில் சிரித்தது ஆட்டைப் பார்த்துத்தானாம். பெரட்டுக்கு வந்து ஐந்து பேரிடமும் கேட்டது ஒரே கேள்விதானாம்: "இன்னொரு ஆடு இருக்கிறதா?" ஆடு கொடுத்தது வெளியே தெரியக் கூடாதென்று ராமகிருஷ்ணன்தான் ஆளுக்கொன்றாக மாற்றிக் கேட்டிருக்கிறார். கடைசியில் மாப்பிள்ளையைக் காட்டி, "இவருடைய கல்யாண ஆட்டைத்தான் நீங்கள் சாப்பிட்டுவிட்டீர்கள், அதனால்தான் முகம் வாடியிருக்கிறது" என்றாராம். அதற்குத்தான் அந்தச் சிரிப்பு, அந்தக் கோடு. நீலாவதியைக் கூப்பிட்டு ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "மூணு நாளா ஆட்டக் காணோமேன்னு நீங்க ஒரு வார்த்த கேக்கலியே அப்பா" என்றாள். ஆக, எனக்கு ஒன்றுமே தெரியாது என்பது இன்று தெரிந்தது. இந்த ஒரு விஷயத்தில் நானும் சாக்ரடீசும் ஒன்று. வேறு காகிதம் கிடைக்காததால் எழுதியதை அப்படியே அனுப்புகிறேன். கல்யாணத்துக்கு வரும்போது நீங்களே ஒரு கடா ஓட்டிக்கொண்டு வரவும். யாராவது கேட்டால் கடாவுக்குப் பெயர் இல்லை என்று சொல்லுங்கள்.