நல்லெண்ணெய் ஊற்றிப் புயலை நிறுத்தப் பார்த்தேன்

பெண் பார்க்கப் போன இடத்தில் கேசரியைச் சாப்பிட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பது ஒரு தனித் திறமை. அது எனக்கு வாய்க்கவில்லை.

2010இல் கடலூரில் இயற்பியல் ஆசிரியராக இருந்தேன். சிதம்பரத்தில் உமா என்ற பெண்ணைப் பார்க்க அம்மாவுடன் போனேன். அதற்கு முன் மூன்று இடங்கள் தட்டிப்போயிருந்தன (ஒரு வீட்டில், அவர்கள் கடிகாரம் மெதுவாக ஓடுவதாகச் சொல்லித் தொலைத்தேன்). “இன்னிக்கு மட்டும் யாரையும் திருத்தாதடா” என்று பஸ்ஸிலேயே அம்மா கெஞ்சினாள்.

கூடத்தில் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. பேச எதுவும் கிடைக்காமல் உமாவின் அப்பா செய்தித்தாளைப் பிரித்தார். அமெரிக்கப் பக்கம் எண்ணெய்க் கிணறு உடைந்து, கடலெல்லாம் எண்ணெய் பரவிக்கொண்டிருந்த சமயம்.

“ஏன் தம்பி, இதுல புயலும் வந்தா என்னா ஆவும்?”

அவர் சும்மாதான் கேட்டார். நான் வகுப்பே எடுத்துவிட்டேன். “கடல்லேருந்து ஆவியாகுற தண்ணிதாங்க புயலுக்குச் சாப்பாடு. எண்ணெய் மேல மூடிட்டா ஆவியாகாது. புயல் பட்டினியிலயே செத்துடும். காட்டட்டுமா?”

(அம்மா தொடையைக் கிள்ளினாள். உற்சாகப்படுத்துகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.)

தாம்பாளத்தில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, எதிரே மேஜை மின்விசிறியை வைத்தேன். முதல் வேகத்தில் தண்ணீர் சிலிர்த்தது. விளக்குக்கு வைத்திருந்த நல்லெண்ணெயை ஊற்றினேன். (ஒரு கரண்டி போதும். கடலாயிற்றே என்று கிண்ணத்தையே கவிழ்த்தேன்.) சிற்றலைகள் அடங்கின.

“பாத்தீங்களா!” என்றேன்.

அதுவரை தலைகுனிந்திருந்த உமா வாயைத் திறந்தாள். “இது புயல் இல்லீங்க, சாயங்காலக் காத்து. மூணுல வைங்க.”

வைத்தேன்.

எண்ணெய்ப் படலம் கிழிந்தது. தண்ணீரும் எண்ணெயும் சேர்ந்து பறந்து அவள் அப்பாவின் வெள்ளைச் சட்டையிலும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தையின் பட்டுப்புடவையிலும், மிச்சமிருந்த கேசரியிலும் இறங்கின. கடைசியாகக் குத்துவிளக்கு அணைந்தது.

“பொண்ணு பாக்குற நேரத்துல விளக்கு அணைஞ்சிடுச்சே!” என்றாள் அத்தை. “இந்த எடம் வேணாம் அண்ணே.”

உமாவின் அப்பா சட்டையைத் துடைத்தார். அம்மா பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள் (எழுந்து போவது அவளுக்குப் பழகியிருந்தது).

உமா மின்விசிறியை நிறுத்திவிட்டு விளக்கை மறுபடி ஏற்றினாள். “ஃபேன் காத்துல அணைஞ்சதுக்கு என்ன அத்த சகுனம்?” என்றவள் என் பக்கம் திரும்பினாள். “சார், உங்க எண்ணெய் புயல நிறுத்தல. புயல்தான் எண்ணெயத் தூக்கியாந்து எங்க வீட்டுல போட்டிருக்கு. ஒத்துக்கிறீங்களா?”

மறுத்துப் பேச மூன்று காரணங்கள் கைவசம் இருந்தன. அம்மாவின் மடியில் இருந்த பையைப் பார்த்தேன்.

“ஒத்துக்கிறேன்.”

“அப்ப எனக்குச் சம்மதம்ப்பா.”

“ஏம்மா?” அவர் திகைத்துப்போனார்.

“தப்ப ஒத்துக்கிற வாத்தியார இப்பதாம்ப்பா பாக்குறேன்.”

அன்றைய நாட்குறிப்பில் ‘சோதனை தோல்வி, மற்றது வெற்றி’ என்று எழுதினேன்.

அடுத்த ஆண்டின் கடைசியில் நிஜப் புயல் கடலூரை நோக்கி வந்தது. மாமனார் போன் செய்தார்.

“மாப்ள, எல்லாரும் பத்திரமா?”

“பத்திரம் மாமா.”

“எண்ணெய்?”

இன்றும் புயல் எச்சரிக்கை வந்தால் முதல் போன் அவருடையதுதான். உமா நல்லெண்ணெய் டின்னைப் பரணில் ஏற்றுவாள். ஏணியை நான் பிடித்துக்கொள்வேன், வாயை மூடிக்கொண்டு.